உட்கார்ந்தே இருக்கும் கால்கள்

ஆழ்வார்திருநகரி வயற்காட்டு நோயாளியிடம் ரத்தக்குழாய் அடைப்பை விளக்க, வாய்க்காலில் சேறு தட்டுவதைத்தான் சொல்கிறோம். அவரும் தலையாட்டுகிறார். ஆனால் அது பாதி உண்மை. வாய்க்கால் கரைக்குத் தண்ணீரின் வேகம் தெரியாது. குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்லுக்குத் தெரியும்.

ரத்தம் உரசிப் போகும் விசையால், தமனியை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க அச்செல்லில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் நொதி சில நிமிடங்களில் முடுக்கப்படுகிறது. சீரான ஓட்டம் மணிக்கணக்கில் நீடித்தால் கே.எல்.எஃப்.2 புரதம் கூடி, அந்த நொதியின் உற்பத்தியையே பெருக்குகிறது. கரோடிட் தமனி கிளைக்கும் இடத்தின் வெளிச்சுவர்போல ஓட்டம் முன்னும் பின்னும் ஆடும் பகுதிகளில் நிலைமை தலைகீழ்: ஒட்டுப் புரதமான வி.கேம்-1 ஏறுகிறது, வெள்ளணுக்கள் ஒட்டுகின்றன. சர்க்கரையும் கொழுப்பும் உடலெங்கும் ஒரே அளவில் ஓட, படிவு மட்டும் இடம் பார்த்துச் சேர்வதற்கு இது முக்கியக் காரணம்.

கையில் கஃப் கட்டி ஓட்டத்தை 5 நிமிடம் நிறுத்தி, அவிழ்த்தபின் தமனி எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால் உட்சுவரின் நிலை தெரியும். சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வில் டாக்டர் வி.மோகன் குழுவினர் இப்படி அளந்து 2002-இல் வெளியிட்டனர். சர்க்கரை நோயாளிகளிடம் விரிவு குறைவாகவே இருந்தது. நொதி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. அதன் துணைப்பொருளான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் குறைந்தால் அதே நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பராக்சைடைத் தயாரிக்கும். நொதிக்கு மூலப்பொருள் என்று எல்-ஆர்ஜினின் பொடியைத் தாராளமாக எழுதித் தருபவர்கள் 2006-இல் வெளிவந்த வின்டேஜ் எம்.ஐ. ஆய்வைப் படிக்கட்டும்: மாரடைப்புக்குப் பின் அதைக் கொடுத்ததில் பலன் இல்லை, ஆர்ஜினின் பிரிவில் 6 பேர் இறந்தனர், மற்றப் பிரிவில் ஒருவரும் இல்லை. ஆய்வில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பொடியைவிட ஓட்டம் மேல். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தொடைத் தமனியின் விரிவு குறைகிறது. இடையிடையே 5 நிமிடம் நடந்தால் குறைவதில்லை என்று இண்டியானா பல்கலைக்கழக ஆய்வர்கள் காட்டினர். அவர்கள் சோதித்தது நாற்காலியில் உட்கார்ந்த இளைஞர்களை. நம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் சுளகை மடியில் வைத்துத் தரையில் உட்காருகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, எழுந்தால் எண்ணிக்கை குறையும். "நடங்கம்மா" என்று சொல்லி அனுப்புவது எளிது. கால் மடக்கிய அந்த நிலையில் தமனி என்ன ஆகிறது, உட்கார்ந்தபடியே பாதத்தை ஆட்டினால் போதுமா என்பதை அளக்க ஒரு டாப்ளர் கருவியும் ஒரு கஃபும் பொறுமையும் வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுத் தலைப்பு தேடும் முதுநிலை மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.