104 ஏக்கர் மதிலுக்குள்

ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே ஆட்டோ சிக்னலில் நின்றது. ஓட்டுநர் அமெரிக்கத் துணைத் தூதரகத்தைக் கைகாட்டிச் சொன்னார்: "அந்த கேட்டைத் தாண்டிட்டா அமெரிக்கா மண்ணு சார். நம்ம போலீஸ்கூட உள்ள போக முடியாது." வெயில் ஏறுவதற்கு முன்பே விசாவுக்கு வந்தவர்கள் வெளியே வரிசை கட்டியிருந்தார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல். பெற்றோர் எதிர்ப்பக்க நிழலில் ஒதுங்கிக் காத்திருந்தார்கள்.

படித்தவர்களும் இதையே இன்னும் பெரிதாக்கிச் சொல்வார்கள். பாக்தாத்தில் அமெரிக்கா கட்டியிருப்பது ஏறக்குறைய வாடிகன் அளவுத் தூதரகமாம். ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடாம். வல்லரசு இப்படித்தான் காலூன்றுமாம், இவ்வளவு பெரிய மதில் இருந்தால்தான் எல்லாருக்கும் பாதுகாப்பாம். அளவு சரிதான். மீதியில் ஒரே ஒரு பகுதி மட்டும் பாதி உண்மை. மற்றதெல்லாம் தவறு.

மண் பற்றிய பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தூதரகங்கள் 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி நடக்கின்றன. தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது அதன் 22-ஆவது பிரிவு. உள்ளே இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும் என்கிறது 41-ஆவது பிரிவு. மண் கைமாறுவதாக எங்கும் இல்லை. அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே ஒரு குழந்தை பிறந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் அது அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடாது. ஆட்டோக்காரர் போலீஸைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி, மண்ணைப் பற்றிச் சொன்னது தவறு.

அதே ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவைத்தான் இந்த விவாதங்களில் யாரும் எடுப்பதில்லை. ஆள் எண்ணிக்கை பற்றித் தனி உடன்பாடு இல்லாவிட்டால், தூதரகத்தின் அளவு நியாயமான, வழக்கமான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று அந்த நாடு கேட்கலாம். அப்படிக் கேட்கும் நிலையில் ஒரு நாடு இல்லாதபோதுதான் அங்கே வாடிகன் அளவு வளாகங்கள் எழும்புகின்றன. 2003-இல் படையெடுத்துப் பிடிக்கப்பட்ட ஈராக் அந்த நிலையில்தான் இருந்தது.

அந்தத் தூதரகம் 2009 ஜனவரியில் திறக்கப்பட்டது. டைக்ரிஸ் ஆற்றங்கரையில், பச்சை மண்டலம் என்ற காவல் வளையத்துக்குள் 104 ஏக்கர். செலவு சுமார் 75 கோடி டாலர். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் சொந்தம். குடியிருப்பும் நீச்சல் குளமும் உள்ளேயே. ஊரிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடத் தேவைப்படாதபடி கட்டப்பட்ட இடம். 2012 வாக்கில் ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து ஈராக் முழுவதும் அதன் கீழ் ஏறத்தாழ 16,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காவலர்கள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், பராமரிப்பு ஆட்கள். தூதரக அதிகாரிகள் சிறு பகுதிதான்.

ஒரு தூதரகத்தின் வேலை என்ன? தான் இருக்கும் நாட்டின் நிலவரத்தை நேர்வழியில் அறிந்து தன் நாட்டுக்குச் சொல்வதை அதன் முக்கியக் கடமைகளில் ஒன்றாக அதே ஒப்பந்தம் வைக்கிறது. அதற்குப் பத்திரிகை ஆசிரியரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், அரிசி விலை கேட்க வேண்டும். பாக்தாத்தில் ஒரு அதிகாரி வெளியே போய் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பாதுகாப்புப் பிரிவு வழியை ஆராய்ந்து சம்மதிக்க வேண்டும். பிறகு குண்டு துளைக்காத வண்டிகள், முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்கள். அந்த அணிவகுப்பு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், அமெரிக்கர்கள் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அவர்கள் போன பிறகும் அந்த வீட்டுக்காரர் அங்கேதான் குடியிருக்க வேண்டும். இப்படி இருக்கையில் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில், தூதரகப் பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்ட பிளாக்வாட்டர் என்ற தனியார் நிறுவனத்தின் காவலர்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டார்கள். ஈராக்கியர் 17 பேர் இறந்தார்கள். போரில் சண்டையிட்டவர்கள் அல்லர் அவர்கள், அன்றாட வேலையாய்க் காரில் கிளம்பியவர்கள். ஒரு நாட்டின் தூதர்கள் வெளியே வருவதே அந்த ஊர் மக்களுக்கு உயிராபத்து என்று ஆகிவிட்ட பிறகு அங்கே நல்லெண்ணம் வளரும் என்று யார் நம்புவது?

செல்வாக்கு வாதம் இங்கேதான் உடைகிறது. இந்தத் தூதரகம் நடத்திய போலீஸ் பயிற்சித் திட்டம் பெருந்தொகை கொட்டி ஆரம்பிக்கப்பட்டது. ஈராக் அதிகாரிகளே ஆர்வம் காட்டாததால் 2012-இல் வெட்டிச் சுருக்கப்பட்டது. 2018-இல் பாஸ்ராவில் துணைத் தூதரகத்தை மூடினார்கள். 2019 டிசம்பர் 31 அன்று கூட்டம் பாக்தாத் வளாகத்தின் வாசல் வரை வந்து வரவேற்புக் கூடத்துக்குத் தீ வைத்தது. ஐந்து நாள் கழித்து, அதே பச்சை மண்டலத்தில் கூடிய ஈராக் நாடாளுமன்றம் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான். ஆனாலும் 104 ஏக்கரும் சேர்ந்து அதைத் தடுக்க முடியவில்லை.

பாதி உண்மை என்று நான் சொன்னது பாதுகாப்பை. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் வெடிமருந்து லாரி அமெரிக்கத் தூதரகத்தின் பின்வாசலுக்கு வந்தது. கென்யக் காவலர் தடுப்பைத் திறக்க மறுத்தார். முதலில் எறிகுண்டுச் சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்கச் சுற்றுக் கட்டடங்களில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். அடுத்த கணம் பெருவெடிப்பு. கண்ணாடிச் சில்லு பாய்ந்து பலர் பார்வை இழந்தார்கள். பக்கத்துக் கட்டடம் அப்படியே சரிந்தது, அதில் செயலர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. நைரோபியில் இறந்த 213 பேரில் அமெரிக்கர் 12 பேர். தூதர் புருடென்ஸ் புஷ்னெல் அந்த இடம் ஆபத்தானது, மாற்றுங்கள் என்று முன்பே வாஷிங்டனிடம் கேட்டிருந்தார். தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளி இருந்திருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். இதை நான் மறுக்கவில்லை. 2012-இல் பெங்காசியில் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு பேர் இறந்ததும், காவல் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது.

ஆனால் இடைவெளி வேறு, வாடிகன் அளவு வேறு. நைரோபிக்குப் பிறகு 1999-இல் அமெரிக்கா போட்ட சட்டம் 100 அடி இடைவெளியோடு நிற்கவில்லை. புதிய தூதரகங்களில் எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. அவ்வளவு நிலம் ஊர் நடுவில் எங்கே கிடைக்கும்? தூதரகம் ஊர் ஓரத்துக்குப் போகிறது. கடைத்தெருவில் இருந்த அமெரிக்க நூலகமும் மதிலுக்குள் போகிறது. இலக்கு பெரிதாகிறது, அதைக் காக்க ஆள் கூடுகிறது, அந்த ஆட்களைக் காக்க இன்னும் ஆள். 1959-இல் டெல்லி சாணக்கியபுரியில் எட்வர்ட் டூரல் ஸ்டோன் கட்டிய தூதரகத்துக்கு ஜாலி வேலைப்பாடுதான் சுவர். காற்றும் வெளிச்சமும் ஊடே வரும்படி கட்டினார். அதையே இன்று கட்டச் சொல்லவில்லை. ஒரே ஒரு பெருவளாகத்துக்குப் பதிலாக, உரிய காவலோடு சிறிய அலுவலகங்கள் பல ஊர்களில் இருக்கலாம் என்கிறேன்.

இன்னொரு கேள்வி, யாருக்குப் பாதுகாப்பு என்பது. இஸ்தான்புல்லில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2003-இல் நகர் நடுவிலிருந்து இஸ்தின்யே குன்றின் மேல் போனது. அந்த நவம்பரில் குண்டுகள் யூதர் தொழுகைக் கூடங்களிலும் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்திலும் ஒரு வங்கியிலும் வெடித்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் துருக்கியர். 2008-இல் தாக்குதல்காரர்கள் அந்தக் குன்றுக்கே துப்பாக்கியோடு வந்தார்கள். உள்ளே யாருக்கும் ஒன்றுமில்லை. வாசலில் காவல் நின்ற துருக்கிப் போலீஸார் மூவர் இறந்தார்கள்.

நம் தூதரகத்துக்கும் இது நடந்தது. 2008 ஜூலை 7 அன்று காபூலில் இந்தியத் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்து 58 பேர் இறந்தார்கள். நம் அதிகாரிகள் இருவரும் காவலர்களும் அதில் போனார்கள். மீதியில் பலர், ஜெமினி பக்கம் நான் பார்த்தவர்களைப் போலவே, விசாவுக்கு வரிசையில் நின்ற சாதாரண ஜனங்கள். அதன் பிறகு வெடியைத் தாங்கும் சுவர்கள் எழுப்பினார்கள். 2009 அக்டோபர் 8 அன்று இரண்டாவது குண்டு வெடித்தது. சுவர்கள் தாங்கின. தூதரக ஊழியர்கள் உயிர் தப்பினார்கள். சுவருக்கு வெளியே, தெருவில், 17 பேர் இறந்தார்கள்.