சத்தியாக்கிரகி யார்?

மறியல் நடக்கிறது. கூட்டத்தில் ஒருவர் பஸ் மீது கல் வீசுகிறார். அவரைச் "சத்தியாக்கிரகி" என்று சொல்லலாமா?

கூடாது!

இந்தச் சொல் பிறந்த இடம் தென் ஆப்பிரிக்கா. இந்தியர்கள் விரல் ரேகை பதிய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. காந்திஜி தலைமையில் அவர்கள் மறுத்தார்கள்.

இந்தப் போராட்டத்தைப் பலவீனர்களின் ஆயுதம் என்று வெள்ளையர்கள் நினைத்தார்கள். ஆகவே, நல்ல பெயர் கேட்டுத் தம் பத்திரிகையில் காந்திஜி பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி, "சதாக்கிரகம்" என்றார். அதைச் "சத்தியாக்கிரகம்" என்று காந்திஜி திருத்தினார். உண்மையை உறுதியாகப் பற்றி நிற்பது என்று பொருள்.

அப்படி நின்றவர், தமிழ்ப்பெண் தில்லையாடி வள்ளியம்மை. அங்கே சிறை சென்றார். காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914-ல், 16 வயதில் உயிர் நீத்தார்.

துன்பத்தைத் தான் ஏற்பவரே சத்தியாக்கிரகி. பிறருக்குக் கொடுப்பவர் அல்ல.