பம்பு செட்டும் எர்த் கம்பியும்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின், தாமிரபரணிப் பிரதேசத்தில் கமலையின் வேலையை மின்சார மோட்டார் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. மோட்டாருக்குச் செலவிடும் நிலக்காரர் எர்த் கம்பியை வீண் செலவென்று எண்ணுதல் பெரும் பிழையாகும். சுருளின் காப்புறை பழுதுற்றால் மோட்டாரின் இரும்புக்கூட்டில் மின்சாரம் ஏறும். எர்த் கம்பி செவ்வனே இருப்பின் அது பூமிக்குள் இறங்கும். பியூஸும் உருகி இணைப்பு அறும். இல்லையேல், ஈரமண்ணில் நின்று தொடும் வேலையாளின் உடலே அதற்கு வழியாகும்.

குழி உலர்ந்தால் மின்தடை மிகுந்து பியூஸ் உருகாமற் போதலும் உண்டு. ஆதலால் கரியும் உப்பும் இட்ட குழிக்குக் கோடையில் நீர் வார்த்தலும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துதலும் அவசியம். கார் நடவுக்கு முன் இவற்றைச் சோதிக்கச் செய்வது நிலக்காரர் கடமை; கிராம அதிகாரிகள் அதை வற்புறுத்துவது நலம்.