மகமல் இலையும் டில்லிக் குளிரும்

சென்ற மார்கழியில் நம் வீட்டு ஆந்தூரியம் கிரிஸ்டலினத்தின் இலையோரம் கருகிற்று. நீர் போதவில்லையென எண்ணி நாள்தோறும் ஊற்றினோம், வேர் அழுகிற்று. பரிவே பகையாயிற்று.

கொலம்பியா, பனாமா நாட்டு ஈரக்காடுகளின் நிழலில் வளரும் இச்செடி, நம் சேம்பின் குடும்பத்தது. கரும்பச்சை இலையில் வெண்ணரம்புகள் ஒளிரும். மேல்தோலின் நுண்ணறைகள் குவிந்து நிற்பதால் இலை மகமல்போல் தோன்றுகிறது. மங்கிய ஒளியையும் உட்கொள்ள அவ்வமைப்பு உதவும். நேர்வெயில் ஆகாது.

டில்லிக் குளிர்காலத்தில் இதனை வருத்துவது ஹீட்டரின் வறண்ட காற்றே. ஆகவே, ஹீட்டரினின்று விலக்கி, திரையிட்ட கிழக்குச் சாளரத்தருகே வைத்தல் நலம். 15 பாகைக்குக் குறைந்த குளிர் படலாகாது. மரப்பட்டை, தேங்காய்மட்டைத் துண்டு, கரி ஆகியவற்றை மண்ணுடன் மிகுதியாகக் கலந்தால் வேருக்குக் காற்றுக் கிட்டும். மேலே ஓரங்குலம் உலர்ந்த பின்னரே நீர் விடுக. இலைத்தூசியை ஈரத்துணியால் தேய்க்காது, மென்தூரிகையால் அகற்றுக. சேனையைப் போன்றே இதன் சாறும் நமைக்கும். குழந்தைகளுக்கு எட்டாது வைக்க.

அழுகிய வேரை நறுக்கி, எஞ்சிய தண்டை நட்டோம். ஆடியில் செம்புநிறத் தளிரொன்று விரிந்தது. ஊர்விட்டு வந்த செடிக்கு, அது பிறந்த மண்ணின் இயல்பை அறிதலே முதல் உபசாரம் என்று அன்று உணர்ந்தோம்.