அடுப்பும் ஒரு சாட்சியம்: காரில் வாழ்வோரின் காப்பி குறித்துச் சில சொற்கள்

அமெரிக்கச் சாலைப் பயணம் குறித்த எழுத்துகளிலும் படங்களிலும் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்றுண்டு. வண்டியின் பின்கதவு மேல்நோக்கித் திறந்திருக்கும். அதற்கப்பால் ஒரு மலையோ ஏரியோ தெரியும். கம்பளி போர்த்திய ஒருவர் சிறு அடுப்பில் காப்பி காய்ச்சிக்கொண்டிருப்பார். 2011இல் ஃபாஸ்டர் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்கர் வேலையை விட்டு வேனில் குடியேறி, அவ்வாழ்வின் படங்களுக்கு 'வேன்லைஃப்' என்று குறிச்சொல் இட்ட பிறகு இக்காட்சி தனியொரு வகைமையாகவே வளர்ந்துவிட்டது. நம் இலக்கிய நண்பர்கள் சிலரும் இதில் துறவைக் காண்கிறார்கள். சித்தர் மரபையும் பற்றறுத்தலையும் இதனோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இக்காட்சி பொய் என்று நான் வாதிட வரவில்லை. காரில் வாழ்வது என்னும் அனுபவத்திற்கு இதையே உருவகமாக்குவது பொய் என்கிறேன். அந்தப் பொய்யில் இலக்கியத்திற்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் காப்பியையே எடுத்துக்கொள்வோம். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளை 12 வோல்ட் மின்சாரம் தருவது. அதிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 120 வாட். கால் லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 84 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். வெப்பம் சிறிதும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். நடைமுறையில் கால்மணி நேரத்திற்கு மேல். அமெரிக்க வீட்டுச் சமையலறையின் 1500 வாட் கெட்டில் இதே வேலையை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். ஒரு கோப்பை வெந்நீரில் வறுமைக்கு இவ்வளவு நேரம் கூடுதலாகச் செலவாகிறது.

எரிவாயு அடுப்பு இருக்கிறதே என்பீர்கள். மூடிய காருக்குள் அதைப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே கண்ணாடியை இறக்க வேண்டும். இறக்கினால் குளிர் உள்ளே வரும். வெளியே நிற்பவர் கண்ணும் உள்ளே வரும். கைக்கடக்கமான குப்பிகளில் விற்கும் பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். காப்பி மிகவும் தேவைப்படும் பனிக்காலக் காலையில்தான் அடுப்பு எரியாது. எரிந்தாலும், கொதிக்கும் நீரின் ஆவி கண்ணாடிகளில் உட்புறம் படிந்து, இந்த வண்டியில் ஓர் உயிர் இரவைக் கழித்தது என்று தெருவுக்கு அறிவித்துவிடும்.

இவற்றை விடப் பெரிய கேள்வி ஒன்றைப் படங்கள் எழுப்புவதே இல்லை. காப்பி குடித்த பின் சிறுநீர் கழிக்க எங்கே செல்வது? காரில் வாழ்பவர் இரண்டாவது கோப்பை குடிப்பதா வேண்டாமா என்பதை அவரது விருப்பம் முடிவு செய்வதில்லை. அருகில் திறந்திருக்கும் கழிப்பறைதான் முடிவு செய்கிறது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2018இல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு கைதுக்குப் பிறகு, எதுவும் வாங்காதவர்களும் தன் கடைகளில் அமரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற்றது. செய்தித்தாளில் இது ஒரு வணிக முடிவு. வாகன நிறுத்துமிடத்தில் கண்விழிக்கும் ஒருவருக்கோ அந்த நாளின் முதல் மணி நேரம் இதனால் மாறுகிறது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறுநகரம் பொது இடத்தில் 'முகாமிடுவதை'த் தடை செய்தது. முகாம் என்பதற்கு அந்நகர விதிகள் தந்த வரையறையில் படுக்கை வருகிறது. தற்காலிகமாக வாழும் பொருட்டு வைக்கப்படும் அடுப்பும் நெருப்பும் வருகின்றன. வாகனமும் அதன் பகுதியும்கூட வருகின்றன. மீறினால் 295 டாலர் அபராதம். கட்டத் தவறினால் 537 டாலருக்கு மேல். மீண்டும் மீண்டும் மீறினால் சிறை வரை போகலாம். 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இவ்விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். மறுப்புத் தீர்ப்பை எழுதியவர் சோட்டோமயோர். அந்த ஆண்டு ஜனவரியில் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களாகப் பதிவானோர் 7,71,480 பேர். காரில் உறங்கியோர் அக்கணக்கில் தங்குமிடமற்றோர் பிரிவில் அடங்குவர்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1983 முதலே வாகனத்தை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கி வைத்திருந்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அச்சட்டம் எதைத் தடுக்கிறது என்பதே தெளிவாக இல்லை என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. வண்டியில் உணவும் போர்வையும் வைத்திருப்பது குற்றமென்றால் விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பமும் குற்றவாளிதானே? நகரம் ஓயவில்லை, எந்தத் தெருவில், எந்த நேரத்தில் வாகனத்தில் வசிக்கலாகாது என்று வரையறுத்துப் பின்னர் புதிய விதிகளை இயற்றியது.

அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே காப்பித் தூள். ஒருவர் கையில் அது விடுதலையின் படம். மற்றவர் கையில் அது குற்றத்தின் சாட்சியம். இரண்டையும் பிரிக்கும் கோடு வண்டிக்குள் இல்லை. திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. 'வேன் வாழ்வு' என்று கொண்டாடப்படுவதன் பெரும்பகுதி வீட்டுடைமையின் நீட்சியே. நாளை காலை நிறுத்திவிடலாம் என்னும் உறுதி இருப்பவருக்கு மட்டுமே இன்றைய காலை அழகாக இருக்க முடியும்.

இலக்கியம் இதை அறியாததல்ல. ஜான் ஸ்டைன்பெக் ஒருவரே இரு தரப்பையும் எழுதியிருக்கிறார். 1939இல் வெளிவந்த 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஜோட் குடும்பம் பழைய ஹட்சன் காரைச் சரக்கு வண்டியாக மாற்றி ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகிறது. அவர்கள் தங்கும் இடங்களிலெல்லாம் காவல் அதிகாரிகள் வந்து விரட்டுகிறார்கள். நாவலில் அவர்கள் மனிதர்களாக நடத்தப்படும் இடம் வீட்பேட்ச் அரசு முகாம். அங்கே என்ன இருக்கிறது? தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஆணையின்றிக் காவலர் நுழையக் கூடாதென்ற விதி. மனித மாண்புக்கான குறைந்தபட்சப் பட்டியலை ஸ்டைன்பெக் இவ்வளவு சுருக்கமாகத் தந்துவிட்டார்.

1960இல் அதே ஸ்டைன்பெக், நான்கு எரிமுனை அடுப்பும் குளிர்பெட்டியும் கழிப்பறையும் பொருத்திய வண்டியில், சார்லி என்னும் நாயோடு நாட்டைச் சுற்றினார். வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரை இட்டார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து உபசரித்தார். 1962இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' வந்தது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. இன்றைய சாலைக் காதல் இந்த இரண்டாம் ஸ்டைன்பெக்கைப் பற்றிக்கொண்டு முதலாமவரை மறந்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

இந்த மறதி அண்மையிலும் நிகழ்ந்தது. ஜெசிகா ப்ரூடரின் 'நோமேட்லேண்ட்' 2017இல் வந்த செய்தி இலக்கிய நூல். ஓய்வுக்கால வருமானம் போதாமல் வண்டிகளில் குடியேறிப் பருவகாலக் கூலிகளாக அலையும் முதியவர்களைப் பற்றியது. கிடங்கு வேலையின் உடல்வலியும், அங்கே சுவரில் இலவசமாகக் கிடைத்த வலி நிவாரணி மாத்திரைகளும் அதில் பதிவாகியுள்ளன. க்ளோயி சாவ் இயக்கிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கரைப் பெற்றது. படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படத்தில் கிடங்கு அமைதியான சில நிமிடங்களில் கடந்துபோகிறது. அந்திவானம் நெடுநேரம் நிற்கிறது. நூல் கேட்ட 'ஏன்' என்ற கேள்வி, படத்தில் துயரம் தோய்ந்த ஒரு மனோபாவமாகக் கரைந்துவிட்டது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன். விரும்பியே காரில் வாழ்வோர் இல்லையா? உண்டு, அவர்கள் காப்பி இனிக்கட்டும். அவர்களைக் காட்டி மற்றவர்களும் விரும்பியே வந்தார்கள் என்பதைத்தான் ஏற்க இயலாது. கலை சமூகவியல் அல்லவே? அல்லதான். நான் புள்ளிவிவரம் கேட்கவில்லை. பொருள்களுக்குரிய எடையைக் கேட்கிறேன். அடுப்பை எழுதுபவர் கழுவிய நீரை எங்கே ஊற்றினார்கள் என்பதையும் எழுதட்டும். நகரங்களுக்குத் தூய்மையும் தீப்பாதுகாப்பும் கவலை தராதா? தரும். ஆனால் அபராதச் சீட்டு எந்தத் தீயையும் அணைத்ததில்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல், வண்டியில் உறங்குவோருக்கு இரவில் வாகன நிறுத்துமிடங்களைத் திறந்துவிடும் திட்டம் நடக்கிறது. 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், சியாட்டிலில் தன் வண்டியிலேயே வசித்த ஒரு தொழிலாளியிடம் வண்டியை இழுத்துச் சென்றதற்காக 547 டாலர் கேட்டது மிகையான தண்டம் என்றது. அந்த வண்டி அவரது வீடு என்பதையும் ஏற்றது. வழிகள் இல்லாமல் இல்லை.

சித்தர்களை மேற்கோள் காட்டும் நண்பர்களுக்கு நம் மரபிலிருந்தே ஒன்றைச் சொல்வேன். தொல்காப்பியம் பிரிந்து செல்பவனைச் சுதந்திரப் பறவை என்று பாராட்டவில்லை. பொருள்வயிற் பிரிவு என்று காரணத்தைப் பெயரிலேயே வைத்தது. சிறுபாணாற்றுப்படையில் பசித்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். நத்தத்தனார் அவ்வறுமையில் மெய்ஞ்ஞானம் தேடவில்லை. அடைத்த கதவைக் கண்டார். காரின் கண்ணாடிகளைத் துணியால் மறைத்துவிட்டு நீர் கொதிக்கக் கால்மணி நேரம் காத்திருக்கும் மனிதரை எழுத வருபவருக்கு அந்தக் கண் வேண்டும். அது வாய்க்காதவர் மலையையும் ஏரியையும் எழுதிக்கொள்ளட்டும். காரில் வாழ்வோரின் பெயரால் எழுத வேண்டாம்.