சோறு யார் போடுவது?

“ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாம்ப்பா!”

இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கிற வசனம் இது. அப்பா பாஸ்புக்கை எடுத்துப் புரட்டுவார். அம்மாவுக்கோ, ‘அங்கே யார் இவனுக்குச் சோறு போடுவது?’ என்ற கவலை. இரண்டு பேர் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் அப்பாவின் கணக்கு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், எல்லா இடத்திலும் அப்படியில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணமே இல்லாத ஊரிலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். உதவித்தொகை இல்லாதவர்கள் பெரும்பாலும் அதை ‘பிளாக்டு அக்கவுன்ட்’ எனும் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அதிலும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

ஆக, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கப்போகிறது?

வெறும் பட்டம்தான் என்றால், அதற்கு இங்கேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் படிப்பு தரும் பெரிய லாபம், பொறுப்பு. இங்கே வருகைப்பதிவு குறைந்தால் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு போன் வரும். அங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப்பதிவே கிடையாது. எந்தப் பாடத்தை எப்போது படிப்பது, எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்வது என எல்லாம் மாணவர் பாடு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். ‘அரியர் வெச்சுப் பாத்துக்கலாம்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. முதல் செமஸ்டரில் தடுமாறி எழுகிற பிள்ளைக்கு, யாரும் சொல்லாமலே தன் வேலையைத் தானே செய்யும் பழக்கம் வந்துவிடும்.

இரண்டாவது லாபம், மொழி. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். வாடகை ஒப்பந்தமும் டாக்டரின் ரிசப்ஷனும் பெரும்பாலான வேலைகளும் ஜெர்மன் மொழியில்தான். மொழி தெரியாதவர்கள் நம்மூர் நண்பர்களின் அறைக்குள்ளேயே இரண்டு வருடத்தைக் கழித்துவிடும் ஆபத்து உண்டு. விமானச் செலவு ஆனதுதான் மிச்சம். பிள்ளை வெளிநாட்டுக்குப் போகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது லாபத்தை எந்த மார்க் ஷீட்டும் காட்டாது. அரசு அலுவலக வரிசையில், மொழி புரியாமல் ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை ஊர் திரும்பியதும், டீக்கடையில் தமிழ் தெரியாமல் விழிக்கும் ஒடிசா தொழிலாளியை வேறு கண்ணோடு பார்க்கும்.

இத்தனை இருந்தும், கடன் கடன்தான். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள்தான் வேலை பார்க்க அனுமதி. அந்தச் சம்பளத்தை நம்பி தவணை கட்ட நினைக்கக் கூடாது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். அதற்குள் தகுந்த வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால் தவணையை யார் கட்டுவது என்பதைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பேசுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வருடம் இங்கே வேலை பார்த்து, கொஞ்சம் பணமும் கொஞ்சம் ஜெர்மனும் சேர்த்துக்கொண்டு போகட்டும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. சோறு யார் போடுவது? அவனேதான். விசா வருவதற்குள் சோறு வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முதல் பாடம் உங்கள் அடுக்களையிலேயே தொடங்கட்டும்.