அழாதே என்று சொல்ல நாம் யார்?

"வீரனைப் பெத்த வயிறும்மா இது, நீங்க அழக் கூடாது." தேசியக்கொடி போர்த்திய பெட்டி வந்து இறங்கும் வீட்டில் இதை யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார். போரில் மாண்டவன் வீட்டில் கண்ணீர் சிந்தினால் அவன் தியாகத்துக்கு இழுக்கு, தாயும் மனைவியும் கல்லாக நிற்பதுதான் அவனுக்குப் பெருமை என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. பிள்ளையை இழந்தவர்கள்மீது ஊரே சேர்ந்து ஏற்றிவைக்கும் இன்னொரு சுமை இது.

தாம்பரத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாதவர்கள் குறைவு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்து, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து 2006-ல் ராஜ்புத் படைப்பிரிவுக்குப் போனவர். 2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தோம். அன்றைக்கே தெற்குக் காஷ்மீரிலும் வாக்குப்பதிவு; முடித்துத் திரும்பிய தேர்தல் ஊழியர்கள் சுடப்பட்டார்கள். மறுநாள் ஷோபியான் மாவட்டத்து காஸிபத்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டை 44-ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் சுற்றிவளைத்தது. அந்தச் சண்டையில் முகுந்தும் சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார்கள். முகுந்துக்கு 31 வயது முடிந்து 13 நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் பெற்றோர், மனைவி, விவரம் தெரியாத வயதில் ஒரு மகள்.

2015 குடியரசு தினத்தன்று அவருக்கான அசோக சக்ராவை மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் நிமிர்ந்து நின்று வாங்கினார். நாடு பார்க்க வேண்டியது தன் துக்கத்தை அல்ல, முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதையே என்ற கருத்தில் அவர் பேசியிருந்தார். அது அவர் தன் கணவருக்காகத் தேர்ந்துகொண்ட வழி. நாம் அதை எடுத்து எல்லார் வீட்டுக்கும் சட்டமாக்கிவிட்டோம். 2024 தீபாவளிக்கு முகுந்தின் கதையான 'அமரன்' படம் வந்தபோது திரையரங்கில் தேம்பித் தேம்பி அழாதவர்கள் யார்? டிக்கெட் வாங்கியவர்கள் அழலாம், பெற்றவள் அழக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

புறநானூற்றைக் காட்டுவார்கள். புறமுதுகிட்டான் மகன் என்று கேட்டு வாளெடுத்த கிழவி, தகப்பனையும் கணவனையும் களத்தில் பறிகொடுத்த பின்னும் ஒரே மகனுக்குத் தலைசீவி வேல் கொடுத்து அனுப்பியவள் என்று பள்ளிப் பாடத்திலேயே மனப்பாடம் செய்தவை. அதே வரிசையில் 277-ஆம் பாட்டை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? பூங்கணுத்திரையார் பாடியது. கொக்கின் இறகாய் நரைத்த கூந்தல்காரி, மகன் யானையை வீழ்த்திவிட்டு மடிந்தான் என்ற செய்தி கேட்கிறாள். பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். ஆனால் அவள் கண்ணீரோ, மழை விட்ட பின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகம். ஆனந்தக் கண்ணீர் என்று உரை சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூங்கில் புதர் முழுக்கச் சொட்டும் அளவுக்கு ஒரு கிழவியை அழவிட்ட புலவர், பெருமையும் வேதனையும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்று தெரிந்தே பாடியிருக்கிறார். கணவன் உடலருகே 'ஐயோ' என்று கதறினால் புலி வருமோ என்று அஞ்சும் பெண்ணும் 255-ல் இருக்கிறாள். அவளைத் தடுத்தது புலி, ஊர் அல்ல.

இந்த நம்பிக்கை வாய்ப்பேச்சோடு நிற்பதுமில்லை. வீரப் பதக்கம் பெற்றவரின் மனைவிக்கு மாதாமாதம் கிடைக்கும் பதக்கத் தொகை, அவள் மறுமணம் செய்தால் முன்பு நின்றுவிட்டது. கணவனின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடர்ந்தது. இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் விலக்கியதே 2017 நவம்பரில்தான். வீரனின் மனைவி சிலையாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாணைக்குள்ளும் குடியிருந்தது.

பெருமை பேச முடியாத மரணங்களில் இந்த நம்பிக்கை இன்னும் அம்பலமாகிறது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் 1972-ல் இதே பரங்கிமலையிலிருந்து புறப்பட்டவர்தான். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளின் பதுங்கித் தாக்குதலில் நெஞ்சில் குண்டு பாய்ந்து மாண்டார். இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. தமிழர், தமிழ் மண்ணில், தமிழர் கையால். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்தப் படையால் தமிழ்ப் பொதுமக்களும் செத்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நடந்த படுகொலையை மன்னிக்க முடியாது. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உத்தரவுக்குப் போய் செத்த சிப்பாயின் தாய்? அவளுக்கு ஊர்வலமும் இல்லை, வீரத்தாய்ப் பட்டமும் இல்லை. அழவும் இடமில்லை, அது தப்பான போராம். எதிர்ப்பக்கத்தில் புலிப்படையில் பிள்ளையைப் பறிகொடுத்து, உடலைக்கூடக் காணாத தாய்க்கும் இதே கதிதான். நமக்குப் பிடித்த போரில் செத்தால் அழாதே, பிடிக்காத போரில் செத்தால் பேசாதே என்கிறோம். இரண்டுமே அவளை வாயடைப்பதுதான்.

இறுதிச் சடங்கு முடிந்து கூட்டம் கலைந்த பின், இறந்தவரின் உடைமைகளைப் படைப்பிரிவில் ஒரு குழு கணக்கெடுத்து, பட்டியலோடு வீட்டுக்கு அனுப்பும். வெள்ளைப் பெயின்ட்டில் பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. உள்ளே ஷேவிங் செட், ஸ்வெட்டர், போட்டோக்கள், பாதி எழுதிய நோட்டு. ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொடியும் கேமராவும் இல்லாத அந்த மத்தியானத்தில்தான் துக்கம் முழுசாக வந்து உட்காரும். தெருவில் இருக்கிறவர்கள் போக வேண்டியது அன்றைக்கு. பென்ஷன் பேப்பருக்கு யார் அலைவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யார் விடுவது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அந்த அம்மா அழுதால் பக்கத்தில் உட்கார வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும்.